ரிஜெக்ட் ஆன ரொட்டி

கண்ணு,

லானும் அவள் அம்மாவும் இங்கே வந்திருந்த அந்த ஒரு வாரத்தில் என்னதான் நடந்தது என்று நீ போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அப்பாவைக் கேட்டால் ரொட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறார். லானைக் கேட்டால் சிரிக்கிறாளாம். அவள் அம்மா முடிவை மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டு, காரணம் கேட்டால் வியாபார நேரம் என்று போய்விடுகிறாராம். மிச்சம் இருப்பது நான்தான். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியே தலை நரைத்தவள், எதையும் முதலிலிருந்து, உதாரணத்தோடு சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அடுத்த மாதம் உன் கல்யாணம். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நீ மட்டும் என்றில்லை, கல்யாணம் நிச்சயமான எந்தப் பிள்ளை படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்.

வியட்நாமில் ஒரு ஷூ கம்பெனியில் நீ டெக்னீஷியன். ஆம்பூர்க்காரனுக்கு அது அதிசயமான வேலை ஒன்றுமில்லை. உலகத்தில் ஷூ எங்கே தைக்கிறார்களோ அங்கே நம் ஊர்ப் பையன் ஒருத்தன் இருப்பான். அந்தக் கம்பெனி ஆபீஸில் லான் வேலை பார்க்கிறாள். கம்பெனி கேட்டுக்கு வெளியே அவள் அம்மா ஹோவா தள்ளுவண்டியில் பான் மீ விற்கிறார். பான் மீ என்றால் அந்த ஊர் சாண்ட்விச். இரண்டு பக்கமும் கூம்பிய நீளமான ரொட்டியைப் பிளந்து, உள்ளே ஆம்லெட்டோ கறியோ வைத்து, வினிகரும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்த கேரட், முள்ளங்கி, அதன்மேல் வெள்ளரிக்காய், கொத்தமல்லி, பச்சைமிளகாய் எல்லாம் திணித்து, ஒரு சாஸ் ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். முதலில் ரொட்டியைத்தான் காதலித்தேன், பெண்ணை அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன் என்று ஒரு தடவை நீயே என்னிடம் உளறினாய். அதை நான் லானிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

அந்த அம்மாவுக்கு லான் ஒரே பெண். கணவர் இல்லை. நீ போய்க் கேட்டபோது ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. என்றைக்காவது நீ ஊர் திரும்பினால் தன் பெண் யார் வீட்டில் இருக்கப் போகிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் என்றார். நியாயம்தானே. காட்பாடியில் பெண் கொடுப்பதென்றாலே நாம் நாலு பேரை அனுப்பி விசாரிக்கிறோம். ஷிப்மெண்ட் நேரம் என்று உனக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் மகளும் மட்டும் வருவதாக ஏற்பாடு. உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது, நீ இல்லாத நம் வீட்டில், உன் அப்பா அம்மாவை மட்டும் பார்த்து முடிவாக வேண்டும்.

பரீட்சை என்று வந்தால் ஒத்திகை பார்க்காமல் எனக்கு முடியாது. அவர்கள் வருவதற்கு முன்பே அப்பாவை உட்காரவைத்து ஒரே ஒரு விதி போட்டேன். அந்த அம்மா எதிரில் எதையும் நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாது. உன் அப்பாவுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருந்தவர். வெளிநாட்டிலிருந்து ஒரு ஷூ வரும். அதைப் பிரித்துப் பார்த்து, அச்சாக அதே மாதிரி இன்னொன்று செய்து காட்ட வேண்டும். ஒரு தையல் கூடினாலும் ரிஜெக்ட். அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியாது. இட்லியைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தால், தேதியைப் பார்ப்பதற்கு முன் மடிப்பு கோணலா என்று பார்ப்பார். அந்த மனிதரை "நல்லா இருக்குது" என்று சொல்லப் பழக்கினேன். வேண்டுமென்றே சர்க்கரை போடாத காபி கொடுத்துப் பழக்கினேன். வார்த்தை வந்தது, முகம்தான் வரவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள் என்றேன். "ஒரு நேரத்துல ஒரு வேலதான் வாங்கணும்" என்றார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்களுக்கு அவர்கள் ஊர் டிபன் நம் ஊரில் கிடைக்க வேண்டும், பெண் இங்கே வந்தால் வாய்க்கு ருசியில்லாமல் காயாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. செய்முறை கேட்டிருக்கலாம், வீடியோ பார்த்திருக்கலாம். சாம்பிள் ரூம்காரர் அதையெல்லாம் நம்புவாரா? பொருள் கைக்கு வந்தாக வேண்டும் என்று உனக்குப் போன் போட்டார். நீயும் அந்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை. அந்த அம்மாவிடமே ஆம்லெட் பான் மீ ஒன்று வாங்கி, எதற்கென்று சொல்லாமல், காகிதத்தில் சுற்றி, லீவில் வந்த குடியாத்தம் சுரேஷிடம் கொடுத்தனுப்பினாய். சுரேஷ் தங்கமான பையன். விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். நடுவில் விமானம் மாறுவதற்கு ஒரு ராத்திரி காத்திருந்தானாம். குடியாத்தம் போய்ச் சேர்ந்து, தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் பஸ் பிடித்து வந்து பத்திரமாக ஒப்படைத்தான்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, டேபிள் லைட்டைக் கிட்டே இழுத்து வைத்து, அப்பா அதைப் பிரித்தார். வாயில் வைக்க நான் விடவில்லை. பயணம் செய்த முட்டை, அறிவியல் டீச்சர் வீட்டில் அது நடக்காது. ருசி பார்க்க அவருக்கும் அவசரம் இல்லை. முதலில் ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஷூத் தோலை இழுத்துப் பார்க்கிற மாதிரி இழுத்தார். அது நீண்டது. "இன்னா இழுவை பாரு" என்று அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அடிப்பாகம் சாஸில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. கொத்தமல்லி கருத்துப் படுத்திருந்தது. வெள்ளரித் துண்டு ஓரத்தில் சுருண்டிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து வரிசையாக அடுக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். இவ்வளவு வருஷம் பிள்ளைகளுக்கு வெப்பம், ஈரம், ஆவியாதல் எல்லாம் நடத்திய நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பதை நீ கவனிக்க வேண்டும். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் நஜீர் பாய் உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்குக் கேக் ஓரம் வெட்டிக் கொடுப்பாரே, அவர்தான். அப்பா அவரிடம் ரொட்டியைக் காட்டி, இதேபோல் வேண்டும் என்றார். முதல் நாள் வந்தது பன் மாதிரி இருந்தது. இரண்டாம் முறை பாய் என்ன செய்தாரோ, அடுப்பில் சூடு ஏறிப்போனதோ, மேல் ஓடு கண்ணாடி மாதிரி வெடித்து, உள்ளே பஞ்சாக ஒரு ரொட்டி வந்துவிட்டது. பாய்க்கு ஒரே சந்தோஷம். கடையை விட்டுவிட்டு அவரே வீட்டுக்கு எடுத்து வந்தார். அப்பா அதை இழுத்தார். அது இழுபடாமல் படாரென்று உடைந்து சட்டையெல்லாம் தூளாகக் கொட்டியது. அப்பா தூளைத் தட்டிவிட்டு, ரிஜெக்ட் என்றார்.

"இன்னா சார், மொறுமொறுன்னு வந்திருக்குது. நல்லா இருக்குதுன்னு சொல்லுவீங்கன்னு ஓடி வந்தேன்."

"நல்லா இருக்குதான்னு நான் கேக்கவே இல்ல பாய். சாம்பிள் மாதிரி இருக்குதான்னுதான் கேக்கறேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அப்பா பக்கம் நின்றேன். அப்புறம் இருவரும் தலையை முட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வெந்த ரொட்டியை ராத்திரி முழுக்க ஈரத்துணியில் சுற்றி வைக்கிற யோசனை அப்பாவுடையது. ஷூ தைக்கும்போது தோலைக் கால் வடிவக் கட்டையில் இழுத்து மாட்டுவதற்கு முன் ஈரம் காட்டிப் பதமாக்குவார்கள் இல்லையா, அதே முறை. மறுநாள் அது அற்புதமாக இழுபட்டது. கொத்தமல்லியை மொட்டைமாடியில் வெயிலில் போட்டு வாட்டினார். வெள்ளரித் துண்டுகளை ஃபேனுக்குக் கீழே பரப்பி வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி மேஜையில் வைத்தபோது, சுரேஷ் கொண்டுவந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது. "பாஸ்" என்று அவர் தன்னைத்தானே தட்டிக்கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசி வரைக்கும் பாய் மட்டும் முனகிக்கொண்டே இருந்தார். "ஓட்டல்ல மிஞ்சினது மாதிரி கீது சார். உங்க பேஜார்ல நான் வரல."

அவர்கள் வந்தார்கள். லானைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருக்கிற இங்கிலீஷில் நாங்கள் முதல் நாளே சமையல்கட்டில் தோழிகளாகிவிட்டோம். அவள் அம்மாதான் பிடிபடவில்லை. சின்ன உருவம், நேரான முதுகு, எதைக் கொடுத்தாலும் ஒரு புன்னகை. பிரியாணி போட்டால் புன்னகை. கத்திரிக்காய்க்குப் புன்னகை. மாடியறையில் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டதற்கும் புன்னகை. இந்தப் பக்கம் உன் அப்பா, நான் பழக்கியபடி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் இளநீர் வாங்கிவந்தோம். புளித்துப் போயிருந்தது. அப்பா ஒரு மடக்கு குடித்தார், கண்ணை மூடினார், திறந்தார், "நல்லா இருக்குது" என்று சிரித்தார். நான் பெருமைப்பட்டேன். கூடத்தில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பல் டாக்டர் கடை வாசலில் இரண்டு பொம்மை வைத்த மாதிரி இருக்கும். எல்லாம் நன்றாகப் போகிறது என்று உனக்குச் சேதி அனுப்பினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் லான் என்னோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றுவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள், அம்மா சம்மதிக்கப் போவதில்லை என்று. வீடு நன்றாக இருக்கிறதாம், மனிதர்கள் நல்லவர்களாகத் தெரிகிறார்களாம், ஆனால் பெண்ணைக் கொடுக்கப் பயமாக இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று கேட்டேன்.

"ஒரு குறையும் சொல்லவில்லை, அதுதான் குறை" என்றாள் லான். "அந்த இளநீர் புளிப்பு என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறது என்று சிரித்தார். பிடிக்காததை இவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று அம்மா கேட்கிறாள். அவளும் சிரிக்கிற வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டாள். அவள் சமையல் அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை என்பது பல வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு நாளும் எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள்."

நீயும் கேட்டுக்கொள். உன் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது மொழியும் இல்லை, மதமும் இல்லை, ஊர்ப்பேச்சும் இல்லை. நான் போட்ட விதி. என் வகுப்பில் பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்" என்றால், ஒருத்தருக்கும் புரியவில்லை என்று அர்த்தம் என எனக்குத் தெரியும். அது என் வீட்டுக் கூடத்தில் நடந்தபோது மட்டும் தெரியவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு உருப்படியாக ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் காலைக்கென்று அப்பா அதே முறையில் தயார் செய்கிற பான் மீ இருக்கிறது, அதைப் பார்த்தால் அந்த அம்மாவின் மனசு இளகும் என்று நம்பிக்கொண்டேன். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாகச் சிரியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் வாழையிலை போட்டு, அதன்மேல் பான் மீயை வைத்து, அப்பாவே கொண்டுவந்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தார். பார்த்ததும் அவர் கண் விரிந்தது. இரண்டு கையாலும் எடுத்தார். கட்டைவிரலால் ரொட்டியை அழுத்தினார். விரல் போன இடம் பள்ளமாகவே நின்றது. ஒரு கடி கடித்தார், இழுத்தார், இன்னும் இழுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு அந்தப் பழைய புன்னகையைப் போட்டுக்கொண்டு மகளிடம் மெல்ல இரண்டு வார்த்தை சொன்னார். மிகவும் வித்தியாசமாக இருக்கிறதாம் என்றாள் லான்.

அப்பா சிரிக்கவில்லை. "இது பாஸ் பண்ற மூஞ்சி இல்ல" என்றார் என்னிடம். "ஷூ வாங்க வர்ற எத்தினி ஃபாரின் பையரப் பார்த்திருக்கேன். அந்தம்மா இன்னா சொன்னாங்களோ அத அப்பிடியே சொல்லச் சொல்லு."

லான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், இது நேற்றைய ரொட்டி என்று. அவர்கள் ஊரில் இதைக் குளத்து மீனுக்குப் போடுவார்களாம்.

நாலு நாளாக அடக்கிவைத்த எல்லாம் உன் அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தையில் கிளம்பிவிட்டது. நேற்றைய ரொட்டியா, இதற்கு எத்தனை நாள் மெனக்கெட்டேன் தெரியுமா, சாம்பிளுக்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசம் காட்டச் சொல் பார்ப்போம் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்காரவில்லை. அந்த அம்மாவும் புன்னகையைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். ரொட்டியைப் பிரித்து, வாடிய கொத்தமல்லியை இரண்டு விரலால் எலிவாலைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் காட்டி, இதை எதற்காகச் சாகடித்தீர்கள் என்று கேட்டார். சாம்பிளில் அப்படித்தான் இருந்தது என்றார் அப்பா. எந்த மடையனின் சாம்பிள் அது என்றார் அந்த அம்மா. லான் பாவம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரோடதா? உங்களோடதுதான்மா" என்றார் அப்பா. "நீங்க உங்க கையால கட்டிக் கொடுத்தது."

லான் அதை அம்மாவிடம் சொன்னாள். பிறகு லான் ஒவ்வொன்றாகக் கேட்டாள். யார் கொண்டுவந்தது, எப்படி வந்தது, எங்கே வைத்திருந்தது. விமானம், ராத்திரி, ஃப்ரிட்ஜ், பஸ் என்று நான் சொல்லச் சொல்ல, என் குரலே எனக்குச் சிறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் உன் ஆறாம் வகுப்பு ஷூ எனக்கு ஞாபகம் வந்தது. பழைய ஷூ கிழிந்துபோனது என்று அப்பா அதையே சாம்பிளாக வைத்து உனக்குப் புது ஷூ தைத்துக்கொண்டு வந்தாரே. நீ போட்டுப் போட்டுச் சுண்டுவிரல் பக்கம் பிதுங்கியிருந்த பழைய ஷூவின் அந்தப் பிதுக்கத்தையும் விடாமல் புதிதில் செய்திருந்தாரே. நீ அந்த வருஷம் முழுக்கப் புது ஷூவில் பழைய விரலோடு நடந்தாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. என் ரொட்டிக்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள், அதை விமானத்தில் ஏற்றியவன் யார் என்று அந்த அம்மா கத்திக்கொண்டிருந்தார். நீதான் என்று அப்பா யோசிக்காமல் காட்டிக்கொடுத்துவிட்டார். அதன்பிறகு உன்னைப் பற்றி வியட்நாம் மொழியில் என்ன சொன்னார் என்று லான் மொழிபெயர்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்து அந்த அம்மா கேட்டது, இந்த ரொட்டியைச் சுட்டவன் எங்கே என்று. அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். தெருமுனை வரைக்கும் அவர் வண்டி தள்ளாடியதைப் பார்த்து, அந்த அம்மா இறங்கி, அவரைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனார். ஆம்பூர் பஜாரில் உன் அப்பா ஒரு அம்மாவின் பின்னால் உட்கார்ந்து, "லெஃப்ட்டு, லெஃப்ட்டு" என்று கூவிக்கொண்டு போனதை இன்னும் பேசுகிறார்கள். அவர்கள் ஊரில் வலது பக்கம் ஓட்டுவார்களாம், அது முதல் திருப்பத்தில்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. நானும் லானும் ஷேர் ஆட்டோவில் பின்னால் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நஜீர் பாய் கல்லாவை விட்டு எழுந்து நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்துத் தட்டில், அப்பா ரிஜெக்ட் செய்தாரே, அந்த மொறுமொறு ரொட்டி அடுக்கியிருந்தது. வீணாகப் போகிறதே என்று அன்றைக்கு வெண்ணெய் தடவி டீயோடு விற்றாராம். கேட்டுக்கேட்டு வாங்கினார்களாம். அன்றிலிருந்து தினமும் போடுகிறார். அந்த அம்மா அதில் ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். படபடவென்று சத்தம். தூள் பறந்து அவர் சட்டையில் கொட்டியது. தட்டிவிடாமல் அப்பாவுக்குக் காட்டினார். அப்பாவுக்கு முன்னால் பாய் முந்திக்கொண்டார். "பார்த்தீங்களா சார். அன்னிக்கே சொன்னேன். எங்க கேட்டீங்க?"

அதோடு முடிந்தது என்று நினைத்தாயா? அங்கேதான் ஆரம்பம். ஓடு சரி, உள்ளே கனம் ஜாஸ்தி என்றார் அந்த அம்மா. ஈஸ்ட் கூடினால் புளிக்கும் என்றார் பாய். அப்படியானால் மேலே கீறுகிற கீறல் ஆழம் போதாது, நான் அளந்து பார்த்தவன் எனக்குத் தெரியும் என்று அப்பா நடுவில் புகுந்தார். உங்களுக்குச் செத்த ரொட்டியைத்தான் அளக்கத் தெரியும் என்றார் அந்த அம்மா. அதை லான் அப்படியே சொன்னாள், பயம் போய்விட்டது அவளுக்கு. அப்பா முகம் சிவந்து, பிசைந்த மாவை எடுத்து மேடையில் அடித்துக் காட்டினார். அந்த அம்மா அதைப் பிடுங்கி வேறு மாதிரி அடித்துக் காட்டினார். பாய் உள்ளே பார்த்து உருதுவில் யாரையோ திட்டினார். மாவும் வியர்வையுமாக மூன்று பேரும் மூன்று மொழியில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனிப் பெண்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எல்லாம் போயிற்று, இனிமேல் உனக்கு என்ன சொல்வது என்று நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுப்பிலிருந்து புது ரொட்டி வந்தது. அந்த அம்மா அதைப் பிளந்து, பாயின் ஆம்லெட்டையும் பச்சைக் கொத்தமல்லியையும் வைத்து அப்பாவிடம் நீட்டினார். அவர் கடித்தார். எங்கள் எல்லார் பார்வையும் அவர் மேல். அவர் மென்று முடித்துவிட்டு, "ரொட்டி பாஸ். மொளகா கம்மி" என்றார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். லான் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் உண்மையாகச் சிரித்தார். அதுவரைக்கும் நாங்கள் பார்த்த சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண் மூடிப்போய், தோள் குலுங்கி, மாவுக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மகளிடம் நீளமாக ஏதோ சொன்னார். லான் என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள்.

"இந்த மனிதர் கோபத்தை எங்கே வைக்கிறார் என்று பார்த்துவிட்டேன், உள்ளே ஒன்றும் வைக்கவில்லை, எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டிவிட்டார் என்கிறாள். இங்கே என்னை விட்டுவிட்டுப் போய் அவளால் தூங்க முடியுமாம்."

சம்பந்தியம்மா என்று நான் அவரை மனசுக்குள் கூட அதுவரை கூப்பிட்டதில்லை. அப்போதுதான் கூப்பிட்டேன். வாய்விட்டே கூப்பிட்டேன். அவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் திரும்பிப் பார்த்தார்.

ஒரிஜினலையும் நகலையும் சேர்த்துப் பார்த்தால் எது தேவலை என்று நீ கேட்பாய். சம்பந்தியம்மா கையால் அன்றைக்குச் சாப்பிட்டேனே, அதற்கு ஈடு இல்லை. கடிக்கும்போது சத்தம், உள்ளே சூடு, நடுவில் பச்சைக் கொத்தமல்லியின் வாசனை, எல்லாம் தனித்தனியாக வந்து ஒன்றாகப் போகிறது. ஆனால் ஒரு டீச்சராக நான் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அப்பாவின் இழுவை ரொட்டியையும் பாய் இப்போது விற்கிறார். காலையில் வாங்கிக் கம்பெனி வேனில் கொண்டுபோய் மத்தியானம் சாப்பிட்டாலும் அது அப்படியே இருக்கிறது என்று தையல் செக்‌ஷன் பெண்கள் விரும்பி வாங்குகிறார்கள். கெடுவதற்கு அதில் மிச்சம் ஒன்றும் இல்லையே. கொத்தமல்லியை மட்டும் பச்சையாகப் போடச் சொல்லிவிட்டேன்.

இப்போது உனக்கு நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உனக்கும் உன் அப்பாவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அவர் எல்லாவற்றுக்கும் ரிஜெக்ட் என்பார், நீ எல்லாவற்றுக்கும் ஓகே என்பாய். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. வீட்டில் இரண்டு பேர் ரிஜெக்ட் செய்தால் தாங்காது என்று நான் சிரித்துச் சமாளித்தேன், நீ அதைப் பார்த்து வளர்ந்தாய். லான் வைக்கிற குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் அன்றைக்கே சொல். நீ வைக்கிற குழம்பை அவள் குறை சொன்னால் உட்கார்ந்து கேள். எங்கள் கல்யாணத்தை எடுத்துக்கொண்டு போய் அதேபோல் ஒன்று செய்யப் பார்க்காதே. எத்தனையோ வருஷம் பயணம் செய்த பொருள் அது. எது ருசிக்காகப் போட்டது, எது வழியில் வாடியது என்று எங்களுக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியாது. உங்களுடையதை நீங்கள் சுடச்சுடப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ரொட்டி பன் மாதிரி வந்தால் பரவாயில்லை.

கல்யாண வேலை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மண்டபம் பேசியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான். பிரியாணிக்குப் பக்கத்தில் கத்திரிக்காய் வைப்பதா, கேரட் முள்ளங்கி ஊறுகாய் வைப்பதா என்று முடிவாகவில்லை. நேற்று அப்பாவும் சம்பந்தியம்மாவும் வீடியோ காலில் அரை மணி நேரம் அதற்காகச் சண்டை போட்டார்கள். மொழிபெயர்க்க யாரும் இல்லை. அவர் தமிழில் கத்தினார், அந்த அம்மா தன் மொழியில் கத்தினார், ஒரு வார்த்தை கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. போனை வைத்ததும் அப்பா தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார். நான் நடுவில் போகவில்லை. நீயும் போகாதே. லானையும் போக வேண்டாம் என்று சொல்.

உன்
அம்மா